மூன்றாவது கொட்டேஷன்

டெல்லியில் பனிக்காலத்துக் காலையில் ஆட்டோ கிடைப்பது கடவுள் கிருபை. அப்படிக் கிடைத்த ஆட்டோவை நிறுத்தி வைத்து நேர்முகத் தேர்வு நடத்தியவரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டர் முனை. எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப் கண்ணுக்குத் தெரியாத பனி. குரங்குக் குல்லாவும் அதன் மேல் மப்ளருமாக ஒருவர் நின்றிருந்தார். முதல் ஆட்டோ வந்தது. எந்த வழியாகப் போவாய் என்று கேட்டார். அவன் சொன்னான். 'அச்சா' என்று தலையாட்டினார், ஏறவில்லை. இரண்டாவது வந்தது. அவனிடமும் வழி கேட்டார். அதற்குள் முதலாமவன் போய்விட்டிருந்தான். இரண்டாமவன் இவரை மேலும் கீழும் பார்த்து, "அங்கிள், ஷாதி கே லியே தேக் ரஹே ஹோ க்யா?" என்றான். கல்யாணத்துக்கா பார்க்கிறீர்கள் என்று பொருள். அவனும் போனான். வெறும் சாலையில் அவர் திரும்பி, என் கக்கத்தில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் பழகியவர் மாதிரி கேட்டார்:

"மூணாவது எங்க?"

அன்று இரண்டு பேரும் நடந்தே போனோம்.

பிறகுதான் தெரிந்தது, எங்கள் மாடிப்படியிலேயே கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அவர் என்று. ஒரு அமைச்சகத்தில் கொள்முதல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பென்சில் சீவியிலிருந்து ஏர்கூலர் வரை சர்க்காருக்கு வேண்டியதை வாங்கிப் போடுவது வேலை. விதி ஒன்றே ஒன்று: எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி, கம்பேரிட்டிவ் ஸ்டேட்மெண்ட் என்று தலைப்பிட்டு மேலே அனுப்ப வேண்டும். நாங்கள் எல்லாம் ஆபீஸ் விதிகளை ஆபீஸிலேயே மீறிவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள். அவர் விதியையும் டிபன் டப்பாவோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சரோஜினி நகரில் ஒரு ஜோடி காலுறை வாங்க அவரோடு போய்ப் பாருங்கள். காலிஃபிளவர் வாங்கப் போனால் மூன்று தள்ளுவண்டி. மூன்றாவது வண்டி வராத நாளில் அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கு. பல் வலித்தபோது ஒரு டாக்டர் வேர் சிகிச்சை என்றார், இன்னொருவர் பிடுங்கிவிடலாம் என்றார். மூன்றாவது டாக்டருக்காகக் காத்திருந்த நேரத்தில், ஒரு வெள்ளரிக்காயில் சிக்கிப் பல் தானாகவே வந்துவிட்டது. "அது டெண்டரை வாபஸ் வாங்கிடுச்சு" என்றார், மனசாட்சி சுத்தமாக.

எங்கள் வீட்டு கீசர் கெட்டுப்போனபோது, வேலியில் போகும் ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்கிற என் சுபாவப்படி அவரிடம் யோசனை கேட்டேன். நவம்பரில் கேட்டேன். கீசர் ஏப்ரலில் வந்தது. பல வருஷமாகிவிட்டது, இன்னும் ஒரு ரிப்பேர் இல்லை. அதுதான் எரிச்சல்.

அவர் மனைவி மத்திய அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் பிளாக் முழுவதற்கும் 'சிஸ்டர்'. கணவர் ரிட்டயரான பிறகு அந்த குவார்ட்டர்ஸ் சிஸ்டர் பெயரில்தான் இருந்தது. யாருக்கு ஊசி போட வேண்டும் என்றாலும், யார் வீட்டுக் குழந்தை மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டாலும் அந்தக் கதவைத்தான் தட்டுவோம். சிஸ்டருக்குத் தூத்துக்குடி. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சின்ன வயது முழுக்கக் கப்பலைக் கரையிலிருந்தே பார்த்து வளர்ந்தவர். டெல்லிக்கு வந்து அத்தனை வருஷமாகியும் அவர் தமிழில் ஒரு மாத்திரைகூட மாறவில்லை. என் மகளுக்கு அவர் பேசுவதில் பாதி புரியாது. மீதிப் பாதி தமிழ் என்பதால் புரியாது.

அவர்கள் கல்யாணக் கதையைக் கணவரே எல்லாரிடமும் சொல்வார். இரண்டு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனார். மாமா மூன்று பெண்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். முதல் பெண் பாளையங்கோட்டை. இரண்டாவது தூத்துக்குடி. மூன்றாவது நாகர்கோவில். நாகர்கோவிலுக்குக் கிளம்புகிற அன்று பேய்மழை. பஸ் ஓடவில்லை. லீவு முடிந்துவிட்டது. "அவைலபிள் ரெண்டுல முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிஸ்டரும் சிரிப்பார், பிறகு எழுந்துபோய் டீ போடுவார். வீட்டில் சண்டை வந்தால் மட்டும், "அந்த நாகர்கோவில்காரி இன்னும் இருப்பா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்ற குரல் மாடிவரை கேட்கும். அடுத்த வீட்டுச் சண்டையில் ரசிக்கத்தக்க வசனம் என்ற அளவில்தான் நானும் அதைக் குறித்துவைத்திருந்தேன்.

சிஸ்டர் ரிட்டயரானது ஒரு ஜனவரி கடைசியில். மகள் புனேயில். முதல் பிரசவம், மார்ச் கடைசி என்று சொல்லியிருந்தார்கள். மார்ச் நடுவில் இவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே போய் இருப்பதாக ஏற்பாடு. நடுவில் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில்தான் சிஸ்டர் வாயைத் திறந்து ஒன்று கேட்டார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். நான் பார்த்த ஆறேழு வருஷத்தில் அவர் ஒன்று கேட்டதில்லை. கப்பலில் போக வேண்டும். மும்பையிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் என்று சொகுசுக் கப்பல் விடுகிறார்களே, அதில்.

"எங்கயும் எறங்கிப் பாக்கணும்னு இல்ல தம்பி. நான் பாத்த கப்பலெல்லாம் வெளிய இருந்து பாத்தது. ஒருதடவ உள்ள இருந்து கரையப் பாக்கணும். அப்புறம் யாரும் சிஸ்டர்னு கூப்பிடாத எடத்துல நாலு நாளு இருக்கணும். புனேக்குப் போயிட்டா அவ்வளவுதான். தொட்டிலு, பாலு, ஆயித்துணி. அது முடிய எனக்கு எழுவது ஆயிரும்."

கணவர் உடனே சம்மதித்தார். உடனே ஒரு ஃபைலும் திறந்தார்.

கொள்முதல் கமிட்டிக்கு மூன்று உறுப்பினர் வேண்டும் என்பது இன்னொரு விதி. அவர், சிஸ்டர், மூன்றாவதாக நான். கோவாவில் ஒரு மணி நேரம் ஆற்றுப் படகில் போய் வந்தவன் என்ற தகுதியில் என்னை 'டெக்னிகல் மெம்பர்' ஆக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததை மினிட்ஸில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஏற்றினார்.

கூட்டங்கள் பிப்ரவரி மத்தியான வெயிலில், குவார்ட்டர்ஸ் முன்னால் இருந்த புல்தரையில் நடந்தன. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, வறுத்த கடலை, ஆரஞ்சு. ஆரஞ்சு மட்டும் விவாதம் இல்லாமல் நிறைவேறியது.

முதல் கொட்டேஷன் லாஜ்பத் நகர் டிராவல்ஸ்காரரிடமிருந்து வந்தது. பெரிய கப்பல். மூன்று இரவு, மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்புவது. மாடி மாடியாக சாப்பாடு, சறுக்குமரம், ராத்திரி பாட்டுக் கச்சேரி. இரண்டாவது, சின்னக் கப்பல். நான்கு இரவு, ஒரு நாள் முழுக்க எங்கும் நிற்காமல் கடலிலேயே. சத்தம் குறைவு, ஒவ்வொரு அறைக்கும் பால்கனி. கட்டம் போட்ட தாளில் இரண்டையும் ஏற்றி, மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டு, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். பத்தொன்பது வரிசை. கப்பலின் வயது. லிஃப்டிலிருந்து அறைக்கு எத்தனை எட்டு. ஜன்னல் திறக்குமா, சும்மா கண்ணாடியா. மேலே நீச்சல்குளம் இருந்தால் நாற்காலி இழுக்கிற சத்தம் அறைக்குக் கேட்குமா. கடைசி நாள் ராத்திரி கோட்டு போட்டுத்தான் சாப்பிட வரவேண்டும் என்றால், அந்தக் கோட்டு கல்யாணக் கோட்டாக இருக்கலாமா. தயிர் உண்டா.

நானும் யூடியூபில் இரண்டு ராத்திரி படித்துவிட்டு என் பங்குக்கு நிபுணத்துவம் காட்டினேன். ஆட்டம் தெரியக்கூடாதென்றால் கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்க வேண்டும் என்றேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டவர், கப்பலின் நடுப்பகுதி என்றால் நீளத்திலா அகலத்திலா என்று கேட்டார். டெக்னிகல் மெம்பர் கடலை உடைப்பதில் கவனமானார்.

மருத்துவ வசதி என்ற வரிசை வந்தபோது சிஸ்டர் நிமிர்ந்தார்.

"கப்பல்ல நர்ஸ் உண்டான்னு கேட்டியளா?"

"டாக்டரும் உண்டு, நர்ஸும் உண்டு."

"நல்லாக் கேட்டுக்கோங்க. இல்லன்னா என்னயக் கூப்பிட்டுருவாவ."

டிராவல்ஸ்காரரைக் கணவர் தினமும் போனில் பிடித்தார். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்தேன். கப்பல் திரும்பும்போது நம் பால்கனி வெயில் பக்கம் வருமா நிழல் பக்கம் வருமா என்பது கேள்வி. ஸ்பீக்கரில் அந்த மனிதர் பெருமூச்சு விடுவது கேட்டது. "அங்கிள், ஆப் ஜஹாஸ் மே ஜா ரஹே ஹோ, யா ஜஹாஸ் கரீத் ரஹே ஹோ?" கப்பலில் போகிறீர்களா, கப்பலையே வாங்குகிறீர்களா என்று. இவர் அதை விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வாங்குவதாக இருந்தால் அறுபது வரிசை போட்டிருப்பேன் என்று நிதானமாக ஹிந்தியில் பதில் சொன்னார்.

எல்லாம் சரி. மூன்றாவது எங்கே?

மூன்றாவது, ஒரு வெளிநாட்டுக் கப்பல். வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வந்து போகுமாம். அதற்கு மின்னஞ்சல் போட்டிருந்தார். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு. சிஸ்டர் தினமும் ஃபிரிட்ஜைத் திறக்கும்போது அந்தக் காலிப் பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் பால் எடுத்தார். பிப்ரவரி மூன்றாவது வாரம், பெரிய கப்பலில் நமக்கு ஒத்துவரும் தேதிகளில் அறை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று தகவல் வந்தது. மிச்சம் இருந்தது சின்னக் கப்பல். அதிலும் ஒரே ஒரு பயணம், மார்ச் முதல் வாரம். ஒரே ஒரு அறை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பிடித்துவைப்பதாக டிராவல்ஸ்காரர் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தேதிக்குள் வேறு கப்பல் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் அவசரக் கூட்டம். சிஸ்டர் ஒரு முறம் பட்டாணியோடு வந்து உட்கார்ந்தார். டெல்லி பிப்ரவரியில் எந்த வீட்டுப் பெண்ணும் பட்டாணி இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. கணவர் ஃபைலைப் பிரித்து, நிலைமையை விளக்கினார். இரண்டில் ஒன்று காலாவதி. ஒற்றைக் கொட்டேஷனை வைத்து முடிவு செய்தால் முறையாகாது. வெளிநாட்டுக் கப்பலுக்குத் திங்கட்கிழமைவரை ஒரு கடைசி அவகாசம் தரலாமா என்று உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் சொன்னார். கோபமே இல்லை. கை பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தது.

"வேண்டாம். புனேக்கு ரயில் டிக்கெட்டப் போடுங்க."

"ஏம்மா, திங்கக்கிழமைக்குள்ள..."

"நான் கோவத்துல சொல்லல. ஒங்களுக்கு மூணு வேணும். முப்பத்து மூணு வருசமா நானும் பாக்கேன். ரெண்டாவதக் கையில வச்சுக்கிட்டே மூணாவது வரலியேன்னு வழியப் பாத்துக்கிட்டு நிக்கிய. கப்பல்லயும் வந்து அந்த நாகர்கோவில்காரியத்தான் தேடுவிய. எனக்கு எதுக்கு?"

இப்படிப்பட்ட இடத்தில் நல்ல நகைச்சுவை எழுத்தாளன் ஏதாவது சொல்லி நிலைமையைக் காப்பாற்றுவான். நான் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

கணவர் எழுந்து உள்ளே போனார். வேலையே போய்விட்டது மாதிரி இருந்தது நடை. கால் மணி நேரம் கழித்து ஃபைலோடு திரும்பி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே வாசித்தார். எழுதியிருந்தது ஆங்கிலத்தில். அந்த ஆபீஸ் ஆங்கிலத்தின் முறுக்கு தமிழில் வராது, ஆனாலும் தருகிறேன்.

"பத்தி ஒன்று. மூன்று கொட்டேஷன்கள் கோரப்பட்டன. இரண்டு வந்தன. ஒன்று காலாவதியாகிவிட்டது. பத்தி இரண்டு. மூன்றாவதற்குக் காத்திருப்பது, இப்பொருள் யாருக்காகக் கோரப்பட்டதோ அவருடைய நலனுக்கு உகந்ததாகத் தெரியவில்லை. பத்தி மூன்று. மூன்றாவது இல்லாமலே முடிவு செய்ததற்கு முன்னுதாரணம் உண்டா என்று பழைய பதிவுகள் பார்க்கப்பட்டன. ஒன்று உண்டு."

இங்கே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன், கீழே கையெழுத்திடும் அதிகாரி, தூத்துக்குடியில் இரண்டாவதைப் பார்த்து முடித்த அன்று மாலையே, மூன்றாவதை அழைக்க வேண்டாம் என்று தன் மாமாவிடம் வாய்மொழியாகத் தெரிவித்துவிட்டார். மழை என்று இதுவரை சொல்லப்பட்டு வந்த காரணம் உண்மையல்ல. மழை பெய்யவில்லை. பஸ் ஓடியது. பத்தி நான்கு. அந்த முடிவில் இன்றுவரை எந்தக் குறையும் கண்டறியப்படவில்லை. எனவே, இரண்டாவதையே ஏற்கலாம். ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது."

பக்கத்து பிளாக்கில் யாரோ கம்பளத்தைக் கம்பியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் கையில் ஒரு பட்டாணி பாதி பிளந்தபடி இருந்தது.

"பஸ்ஸு ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? புரொசீஜர்படி தப்பு. பர்ச்சேஸ் செக்‌ஷன்ல இருந்துக்கிட்டு, ரெண்டு பாத்துட்டு முடிவு பண்ணிட்டேன்னு நாலு பேர்கிட்ட சொல்ல முடியுமா?"

சிஸ்டர் அந்தப் பட்டாணியை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் உரித்தார். பிறகு, முறத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூஞ்சி தெரியாத ஒருத்திகிட்ட முப்பத்து மூணு வருசம் தோத்துட்டு இருந்திருக்கேன்."

அவர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தண்டனைக்குக் காத்திருக்கிற ஊழியர் மாதிரி. சிஸ்டர் நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினார். "பேனாவக் குடுங்க." வாங்கி, பட்டாணித் தோல் ஒட்டின விரலோடு கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு, டெக்னிகல் மெம்பரும் போட்டான். மணி நாலே கால். நான் உரித்துவைத்த ஆரஞ்சை யார் சாப்பிட்டது என்று ஞாபகம் இல்லை.

மாடிக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "நான் எத்தனாவது?" என்றாள். எனக்கு வந்ததே ஒரு கொட்டேஷன்தான், அதுவும் அவர்கள் தரப்பில் வேறு யாரும் விண்ணப்பிக்காததால், என்ற உண்மையைச் சொன்னேன். உண்மை எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

அவர்கள் கப்பலில் என்ன பார்த்தார்கள் என்பது எனக்கு அதிகம் தெரியாது. அங்கிருந்து திரும்பியவர்கள் மூட்டை கட்டினார்கள், புனே போனார்கள், அதோடு சரி. இப்போது அந்த வீட்டில் யாரோ ஒரு ஹரியானாக்காரர். பேத்தி பிறந்த சேதி சொல்ல சிஸ்டர் போன் செய்தபோது கேட்டேன், கப்பலில் யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டார்களா என்று. இல்லை என்றார். பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம், அறையைச் சுத்தம் செய்த பெண், சாப்பாடு பரிமாறிய பையன் எல்லாரும். "ரெண்டாவது நாள் இவியளும் பேரு சொல்லிக் கூப்பிட்டாவ தம்பி" என்று கணவரைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகுதான் எனக்கு உறைத்தது, ஆறேழு வருஷம் ஒரே மாடிப்படியில் இருந்தும் சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது. இப்போதும் தெரியாது.

சிஸ்டரின் கணவரை நான் நினைத்துக்கொள்வது அந்த ஃபைலோடு அல்ல. அவர்கள் கப்பலுக்குக் கிளம்பிய காலையோடு. பனி போன பிறகும் விடாத புகைமூட்டம். ஏர்போர்ட் மெட்ரோ ஸ்டேஷன்வரை ஆட்டோவில் போவதாகத் திட்டம். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்டர் முனைக்கு வந்தேன். சிஸ்டர் புதுச் செருப்பு போட்டிருந்தார். கணவர் மார்ச் மாதத்தில் கல்யாணக் கோட்டு போட்டிருந்தார். பெட்டியில் வைத்தால் கசங்கும் என்று. விமானத்துக்கு நேரம் இருக்கிறதா என்று நான் மறைவாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். மூன்று ஆட்டோவுக்கான அவகாசத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சீக்கிரம் கிளம்பச் சொல்லியிருந்தேன்.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவர் குனிந்து டிரைவர் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. எந்த வழி என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. சிஸ்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறும்மா" என்றார்.

சிஸ்டர் ஏறினார். அவரும் ஏறினார். நான் பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, பின்னால் இன்னொரு காலி ஆட்டோ வந்து மெதுவாக வேகம் குறைத்தது. கோட்டுக் கழுத்தை நீட்டி அவர் அதைப் பார்த்தார். நல்ல ஆட்டோ. புது ஆட்டோ. டிரைவர்கூட, எங்கே போகணும் என்பது போல் தலையை வெளியே நீட்டினான்.

அவர் தன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, டிரைவர் தோளைத் தட்டி, "சலோ பையா" என்றார்.